முதலாளி சீனியம்மாள்

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி, இப்போது பணியில் இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "சார், அந்தக் காலத்துல நீங்க புடிச்ச கேஸ் ஒண்ண சுவாரசியமா எழுதிக் குடுங்க" என்றார்கள். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் பிடித்த கேஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. அது அவர்களுக்குச் சுவாரசியமாக இருக்குமா என்று தெரியாது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறெரிகிறது.

அதே வாரம் லண்டனில் இருக்கும் என் மகள் போனில் பேசினாள். அங்கே ஒரு பெரிய அரசியல்வாதியின் சொத்தெல்லாம் எங்கோ ஒரு தீவில் யார் யாரோ பெயரில் கம்பெனிகளாக இருக்கிறதாம். வரி கிடையாதாம். ஜனங்கள் கொதித்துப்போயிருக்கிறார்களாம். "இவனுகள்ல ஒருத்தனையும் நம்ப முடியலன்னு ஆபீஸ்ல எல்லாரும் பேசுதாவப்பா. அந்தாளு என்னன்னா, எல்லாம் சட்டப்படிதான் செஞ்சிருக்கேன்னு டிவியில சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு" என்றாள். அந்தச் சிரிப்பை நான் கோவில்பட்டியிலேயே பார்த்துவிட்டேன். எங்கள் ஆளுக்குத் தீவெல்லாம் தேவைப்படவில்லை. நீளமாக ஒரு தகரக் கொட்டகை போதுமாக இருந்தது.

நான் கலால் இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். பயிற்சி என்று மூன்று மாதம் மதுரையில் உட்காரவைத்துச் சட்டப் பிரிவுகளை நெட்டுருப் போட வைத்தார்கள். அதில் முக்கால்வாசி எதற்கும் உதவவில்லை. உதவியதெல்லாம் கோவில்பட்டிக்கு வந்தபின் சைக்கிளில் அலைந்து கற்றுக்கொண்டதுதான். அந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். மழை ஏமாற்றிய வருடங்களில் ஊர் ஊராக ஆபீஸ் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். குச்சியைக் கட்டையில் அடுக்குவார்கள், அடுக்கிய கட்டையை மருந்தில் முக்குவார்கள், காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பார்கள். கடைசியாக ஒவ்வொரு பெட்டியின் மேலும் கலால் வில்லை ஒட்ட வேண்டும். அந்த வில்லைச் சுருள் எங்கள் அலுவலகத்திலிருந்து போவது. வரியைக் கட்டினால்தான் வில்லை.

வரியில் ஒரு சலுகை இருந்தது. வருடத்துக்கு இன்ன அளவுக்குள் பெட்டி போடுகிற சிறிய ஆபீஸ்களுக்கு வரி குறைவு. மெஷின் வைத்திருக்கும் பெரிய கம்பெனியோடு கையால் அடுக்குகிறவர்கள் போட்டி போட முடியாது, அவர்களும் பிழைக்கட்டும் என்று கொடுத்த சலுகை. யோசித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். ஏழைக்கு என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தால் அதில் முதலில் நுழைகிறவன் யார் என்பதை மட்டும் அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் சரகத்தில் நுழைந்தவரைச் சேர்மன் என்பார்கள். ஒரு காலத்தில் பஞ்சாயத்து யூனியன் சேர்மனாக இருந்தவர். பதவி போனபிறகும் பட்டம் போகவில்லை. எட்டயபுரம் ரோட்டில் அவருக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. இருந்தது என்று நான் சொல்கிறேன். காகிதத்தில் இல்லை. காகிதத்தில் அங்கே ஏழு ஆபீஸ்கள் இருந்தன. ஒரே தகரக் கொட்டகைக்குள் ஆறு குறுக்குச் சுவர். ஒவ்வொரு சுவரிலும் கதவு வைக்காத ஒரு வாசல். வெளியே ஏழு சாமிகளின் பெயரில் ஏழு போர்டு, ஏழு லைசென்ஸ், ஏழு முதலாளிகள். மைத்துனர், மைத்துனர் மனைவி, கார் டிரைவர், தோட்டக்காரர் என்று ஆறு பேர் அவருடைய ஆட்கள். ஏழாவது முதலாளியின் பெயர் சீனியம்மாள். ஏழு பேரும் சலுகை அளவுக்குள்தான் பெட்டி போட்டதாக எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்து முக்கும் இடம் மட்டும் நாலாவது தடுப்பில் ஒன்றே ஒன்று. கேட்டால், "மத்த ஆறு பேரும் இங்கன வாடகைக்கு முக்கிக்கிடுதாவ" என்று ரசீது காட்டினார் கணக்குப்பிள்ளை சங்கரலிங்கம். அறுபதை நெருங்கிய மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. எதைக் கேட்டாலும் ரசீது வைத்திருப்பார். கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நான் பத்துத் தடவை நடந்திருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் ஒரே ஆபீஸ் நிற்கிறது. கையில் இருக்கிற காகிதம் ஏழு என்கிறது. எனக்குச் சம்பளம் காகிதத்தைப் பார்ப்பதற்கு.

ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஒளிவு மறைவே கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த காதர் பாய் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொல்வார்: "சார், நான் விற்பனை வரிய ஒரு மாசம் பிந்திக் கட்டுனா என் கடைக்குப் பூட்டு. அவிய கட்டவே இல்லன்னா அவியளுக்கு மாலை. நீங்க நல்லா சுத்துங்க, டயருதான் தேயும்." இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் காது எரியும்.

எங்கள் சூப்பிரண்டு ராகவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் எந்த ஆபீசுக்குச் சோதனைக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீரைக் கூஜாவில் எடுத்துக்கொண்டு போவார். முதலாளி போடுகிற நாற்காலியில் உட்கார மாட்டார்; ஜீப்பின் பின்னால் ஒரு மடக்கு ஸ்டூல் இருக்கும். விசாரணை தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவசரமில்லை என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்வது போல. யாரையும் அதட்டியதில்லை. நாங்கள் எழுதிய கோப்பில் தப்பு இருந்தால் கூப்பிட்டுத் திட்ட மாட்டார். அந்த இடத்துக்கு நேராகச் சிவப்புப் பென்சிலால் கடுகளவில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். ராத்தூக்கம் போய்விடும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சேர்மன் என்னையும் அழைத்திருந்தார். கலால் இன்ஸ்பெக்டரை அழைத்துப் பொரியும் பழமும் கொடுத்து ஒரு துண்டைப் போர்த்துவது அங்கே எல்லா ஆபீசிலும் நடக்கிறதுதான். முற்பகல் போனேன். நாலாவது தடுப்பில்தான் பூஜை. ஏழு போர்டுகளையும் சுவரிலிருந்து கழற்றிக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். கட்டைகள், தராசு, மருந்துத் தட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு. சரஸ்வதி படத்துக்கு முன்னால் எங்கள் முத்திரை போட்ட ஏழு பதிவேடுகள். அவற்றின் மேல், சிவப்புத் துணி பைண்டு போட்ட, முழங்கை நீளப் பேரேடு ஒன்று விரித்து வைத்திருந்தது. ஏடு விரிந்திருந்த பக்கத்தில் ஓரத்தில் சந்தனம்.

கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நெட்டுக்குத்தாக ஏழு பத்தி. ஏழுக்கும் தலையில் சாமி பெயர். வலது ஓரத்தில் எட்டாவது பத்தி, ஏழையும் கூட்டி. அந்த ஏழில் ஒன்றுகூட எங்கள் பதிவேட்டில் இருக்கிற அளவோடு ஒத்துப்போகாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். துண்டைப் போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டேன். வெளியே வந்து சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி இரண்டு தடவை கழன்றது.

சூப்பிரண்டு வீட்டில் அவரும் பூஜையில்தான் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டு மூன்று தடவை "ம்" என்றார். பிறகு வேட்டியை மாற்றிவிட்டு வந்து ஜீப்பை எடுக்கச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இதற்குள் பேரேட்டை எடுத்து ஒளித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒளிக்கவில்லை. நான் குனிந்து பார்த்ததைச் சேர்மனின் மைத்துனர் கவனித்து, அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். கணக்குப்பிள்ளை முடியாது என்றுவிட்டார். பூஜைக்கு வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. கொட்டகையில் வேறு யாருக்கும் அதைத் தொடத் துணிவில்லை.

எங்களையும் அதே மாதிரிதான் தடுத்தார் அவர். கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"அய்யா, நாளைக்குக் காலையில மறுபூச. அது முடிஞ்சதும் நானே எடுத்து உங்க கையில தாரேன். சரஸ்வதிய பாதியில எழுப்பாதிய."

"இந்தப் புத்தகத்தை ஏன்வே பூஜையில் வைத்தீர்?" என்று கேட்டார் சூப்பிரண்டு. எனக்கும் அதே கேள்விதான்.

"என்னய்யா இப்படிக் கேக்கீய? எங்களுக்குப் படி அளக்கது இதுதான். பொய்ப் புத்தகத்துக்குப் பூச பண்ணிட்டு இத வெளிய வச்சா வெளங்குமா?"

எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, எடுத்துவிடலாம் சார் என்று நான் சூப்பிரண்டின் காதோரம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அந்தத் தடுப்பின் இரண்டு வாசலிலும் நூலைக் கட்டி அரக்கு வைத்துச் சீல் போட்டு, வெளியே இரண்டு காவலாட்களை உட்காரவைத்தார். மறுநாள் காலையில் எங்கள் முன்னிலையில் சீலை உடைத்து மறுபூஜை நடந்தது. கணக்குப்பிள்ளை தீபாராதனை காட்டிவிட்டு, சொன்னபடியே பேரேட்டை எடுத்து நீட்டினார். சூப்பிரண்டு செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். என் வேலைக்காலத்தில் நான் பார்த்த நாணயமான காரியம் அது ஒன்றுதான். அதைச் செய்தவர்களில் ஒருவர் பொய்க்கணக்கு எழுதுகிறவர்.

அலுவலகத்தில் பேரேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினோம். பிள்ளையார் சுழி. அதன் கீழே "லாபம்". அதன் கீழே குலசாமியின் பெயர் சொல்லி, துணை. அவ்வளவுதான். உள்ளே இருநூறு பக்கத்திலும் சேர்மனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பணம் போன இடத்திலெல்லாம் "பெரியவீடு" என்று எழுதியிருந்தது. பெரியவீடு என்றால் எது என்று கோவில்பட்டியில் கைக்குழந்தை சொல்லும். ஆனால் பெரியவீட்டுக்கு லைசென்ஸ் கிடையாது.

சேர்மனின் வக்கீல் வந்தார். "ஒரே கூரைக்குக் கீழே ஏழு பேர் தொழில் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? என் கட்சிக்காரர் இடத்தை வாடகைக்கு விட்டவர். அந்த ஏழு பேர் அளவுக்கு மேலே போட்டிருந்தால் அவர்களைக் கேளுங்கள்" என்றார். சேர்மன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கெட்ட சிரிப்பு அல்ல. நல்ல, மரியாதையான சிரிப்பு. புறப்படும்போது எனக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஆகவே எல்லாம் அந்த ஏழு பேர் வாயில் இருந்தது. நான் முதலாளி இல்லை, பெயரைத் தந்தேன், சொத்து அவருடையது என்று ஒருவர் வாக்குமூலம் கொடுத்தால்கூட வரி முழுவதும் சேர்மன் தலையில் விழும். ஆறு பேர் சொல்ல மாட்டார்கள். மிச்சம் சீனியம்மாள். அவள் அதே கொட்டகையில் கட்டை அடுக்குகிற பெண். நாற்பது வயதிருக்கும். புருஷன் இறந்துபோனவர். பக்கத்துக் கிராமத்தில் அவர் விட்டுப்போன மூன்று குறுக்கம் கரிசல் புஞ்சை அவள் பெயரில் இருந்தது. ஏக்கரை அந்தப் பக்கம் குறுக்கம் என்பார்கள். கட்டை அடுக்குகிற கூலியில் சாப்பாடு, உளுந்தும் பருத்தியும் போட்டு வருகிற வரும்படியில் இரண்டு பெண் பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த மூன்று குறுக்கம்தான்.

நான் வாக்குமூலம் வாங்கப் போனது ஐப்பசி அடைமழையில். அவளைக் கொட்டகை வாசலில் பார்த்தபோது கூட வேலை செய்கிறவர்கள், "ஏ முதலாளி, ஒன்னத் தேடி போலீசு வந்திருக்கு!" என்று கேலி செய்து சிரித்தார்கள். அந்தப் பெயர் அவளுக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கட்டை அடுக்குகிறவர்களில் அவளுக்கு மட்டும் ஒரு புடவை வரும். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. போனஸுக்கு என்று சொல்லி எப்போதோ நாலைந்து காகிதத்தில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு நான் கேட்கவில்லை.

வாக்குமூலத்துக்கு முறை இருக்கிறது. கேள்வியைத் தமிழில் கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் எழுத்தறிந்த இரண்டு சாட்சிகள் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சிகள் வெளியாட்களாக இருப்பது நல்லது. ஒரு மைலில் பள்ளிக்கூடம் இருந்தது, அதில் இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள். ஆனால் மழைக்கரிசலில் ஒரு மைல் நடந்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். நாலு எட்டு வைத்ததும் செருப்பில் அரைப்படி மண் அப்பிக்கொள்ளும், அதை வழித்துப் போட்டு மறுபடி நாலு எட்டு வைக்க வேண்டும். சைக்கிள் சக்கரம் சுற்றாது. நான் வெளியே பார்த்தேன். என் புதுச் செருப்பைப் பார்த்தேன். கொட்டகைக்குள் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மருந்து முக்குகிறவர் ஒருவர். இன்னொருவர் கணக்குப்பிள்ளை சங்கரலிங்கம். அவர்களையே சாட்சியாக உட்காரவைத்தேன்.

"இந்த ஆபீஸ் முதலாளி யாரு?" என்று கேட்டேன்.

சீனியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நான்தான்யா" என்றாள்.

"நீயாவே நடத்துறியா? வேற யாராவது நடத்துறாங்களா?"

"நானேதான்யா நடத்துதேன்."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள். மைப் பெட்டியை நீட்டினேன். பெருவிரலில் மருந்து காய்ந்து ரேகை தெரியாமல் இருந்தது, துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். அவ்வளவு கருத்தாக வேலை செய்தேன். ரேகை சுத்தமாக விழுந்தது.

அவள் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். யாருக்குப் பயந்து சொல்கிறாள் என்பதும் தெரியும், பயப்பட வேண்டிய ஆளை நானே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்திருந்தேனே. மறுநாள் வெயிலடித்தபிறகு அவள் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சொன்னபடி எழுதுவதுதான் முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோப்பு சூப்பிரண்டு மேசைக்குப் போய்த் திரும்பி வந்தது. சங்கரலிங்கத்தின் கையெழுத்துக்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் கேள்விக்குறி. நான் அதற்குக் கீழே எழுதினேன்: "மழை காரணமாக எழுத்தறிந்த வேறு சாட்சிகள் கிடைக்கவில்லை." அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. பத்து நாளில் அவருக்கு வடக்கே எங்கோ மாற்றல் வந்தது. யார் சொல்லி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. கூஜாவையும் மடக்கு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போனார். ரயிலடியில் என்னிடம், "இன்னொரு தரம் போய்க் கேட்டிரும்யா" என்றார். சரி சார் என்றேன். போகவில்லை. அவர் போனபிறகு அந்தக் கோப்பைத் திறந்தால் எனக்கும் வடக்கே சீட்டு கிழிப்பார்கள் என்று பயம்.

மேலே விசாரணை நடந்து இரண்டு வருடத்தில் உத்தரவு வந்தது. பேரேடு செல்லும். ஏழு ஆபீசும் அளவுக்கு மேலே போட்டது நிரூபணமானது. சலுகை ரத்து, வித்தியாச வரியை உரிமம் பெற்றவர்கள் ஏழு பேரும் கட்ட வேண்டும். சேர்மனைப் பற்றி, அவர் தொழில் நடத்தியதற்கு ஆதாரம் இல்லை, ஏனெனில் உரிமம் பெற்றவரே தாம்தான் நடத்துவதாகச் சுதந்திரமாக வாக்குமூலம் அளித்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. சுதந்திரமாக! என் வாக்குமூலத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். பெரிய கேஸ், ஜெயித்துவிட்டோம் என்றார்கள்.

ஆறு பேரிடம் வசூலிக்கப் போனால் அவர்கள் பெயரில் ஒரு கோழிக்கூண்டுகூட இல்லை. வக்கீல் முன்னாலேயே எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டார். பட்டா நிலம் இருந்தது ஒரே ஒரு முதலாளிக்கு. தாலுகா ஆபீசிலிருந்து மூன்று குறுக்கத்துக்கும் ஜப்தி நோட்டீஸ் போனது.

அவள் சேர்மன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நடந்ததைச் சங்கரலிங்கமே என்னிடம் சொன்னார். வாசலில் நின்று அழுதவளிடம் சேர்மன், "நான் எப்படிம்மா கட்ட முடியும்? அது உன் கம்பெனில்லா" என்றாராம். பஸ்ஸுக்கு வைத்துக்கொள் என்று ஐந்து ரூபாய் கொடுத்தாராம்.

"அந்தத் தொகை அவருக்கு ஒரு பொருட்டா? கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கட்டுனா நம்ம ஆபீஸுன்னு ஒத்துக்கிட்டாப்ல ஆயிரும்லாய்யா. வக்கீல் கட்டக் கூடாதுன்னுட்டாவ" என்றார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு நீங்க என்னய சாட்சிக்குக் கூப்பிட்டீய. நான் மாட்டேன்னு சொல்லிருக்கலாம். சொல்லல" என்றார். அவராவது சொல்லிவிட்டார்.

ஏலம் போட்ட அன்று ஊரிலிருந்து ஒருவரும் கேட்க வரவில்லை. ஊர்க்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு அவரவர் புஞ்சைக்குப் போய்விட்டார்கள். யாரும் கேட்காவிட்டால் ஏலம் தள்ளிப்போகும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நம்பினார்கள். டவுனிலிருந்து கார் வந்தது. சேர்மனின் மைத்துனர் இறங்கினார். தன் பெயரில் வரிப்பாக்கி இருக்கிறவர், தன் மாமனார் பெயரில் ஏலம் கேட்டார். ஒரே கேள்வி, ஒரே ஆள், அடிமாட்டு விலை. முடிந்தது.

அதற்கு அடுத்த தேர்தலில் சேர்மன் நின்றார். கோவில்பட்டியில் அவர் பேசிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், காதர் பாய் கடை வாசலில் நின்று கேட்டேன். "கூலிக்கு வேலை செய்த ஏழைப் பெண்ணை முதலாளி ஆக்கினவன் நான்!" என்றார் மைக்கில். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆமாமா, ஆக்கிப்புட்டு நெலத்தப் புடுங்குனவரும் நீருதான்வே!" என்றது. கூட்டமே சிரித்தது. சேர்மனும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். எனக்குத் தாங்கவில்லை. "இவ்வளவும் தெரிஞ்சுமா பாய் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நம்பி யாரு சார் ஓட்டுப் போடுதா? எதுத்து நின்னவன் மட்டும் ஒழுங்கா? அவனுக்கு நூல் மில்லு இருக்கு, அங்கயும் இதே கததான். இவர்ட்ட போனா சாதிச் சர்டிபிகேட்டாவது வாங்கித் தருவாரு" என்றார். பிறகு, "கோவிச்சுக்கிடாதீங்க. இப்ப ஜனங்க அவரக்கூட அவ்வளவா ஏசல. அவரு அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும். சர்க்கார் ஆளுன்னு நம்பி அந்தப் பொம்பள உங்க முன்னால வந்து உக்காந்தா பாருங்க, அதத்தான் பேசுதாவ" என்றார்.

அது உண்மை என்று வேலையிலேயே தெரிந்தது. அதன்பிறகு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் எனக்கு ஒரு வாக்குமூலம் கிடைக்கவில்லை. காகிதத்தை எடுத்தாலே பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். நிஜமாகவே சிறிய அளவில் தொழில் செய்து, சலுகைக்குத் தகுதியான ஆட்கள்கூட, கையெழுத்துப் போடப் பயந்து சலுகையை வேண்டாம் என்றார்கள். பெரிய ஆபீஸ்களோ இன்னும் இரண்டு மூன்று சுவர் எழுப்பிக்கொண்டன. எப்படித் தப்பிப்பது என்று எங்கள் கேஸ்தானே எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டது.

கடைசியாக ஒன்று. இதை இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. வரி ஏய்ப்பைக் கண்டுபிடிக்கிற அதிகாரிக்கு, வசூலான தொகையிலிருந்து சன்மானம் கொடுக்கிற வழக்கம் எங்கள் இலாகாவில் உண்டு. ஏலம் முடிந்த மறுவருடம் எனக்கு உத்தரவு வந்தது. இந்தக் கேஸில் வசூலானது எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று குறுக்கத்தின் விலையில் என் பங்கு அது. ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய வாரமே அதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வேறு ஒரு தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் எழுந்து வந்தாள். கவரை நீட்டி, இது உனக்குச் சேர வேண்டியது என்றேன்.

கவரை வாங்கவில்லை. என் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"இதுக்கும் கைநாட்டு வைக்கணுமாய்யா?"

"வேண்டாம்மா. சும்மா வச்சுக்க."

"வைக்கச் சொல்லிக் குடுத்தாலும் வேண்டாம், வைக்காமக் குடுத்தாலும் வேண்டாம். போயிட்டு வாங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அடுக்கத் தொடங்கினாள். பத்து எண்ணும் நேரம் நின்றிருப்பேன். யாரும் தலைதூக்கவில்லை.

அந்தக் கவர் என் வீட்டுப் பீரோவில் கொஞ்ச நாள் இருந்தது. யாருக்காவது தானம் செய்துவிடலாம், கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டோம். பிறகு ஒருநாள் செலவாகிவிட்டது. மழையில் செருப்பைப் பார்த்து நின்றதுவரைக்கும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று மட்டும் எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவில்லை.